சாப்டாச்சா?



எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வீடியோ கால் நேரம். அக்காவின் பேத்தி நியூஜெர்சியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அங்கே அப்போது சனிக்கிழமை ராத்திரி. அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். வாயைத் திறந்தால் மட்டும் ஆங்கிலம். திரையில் அவள் முகம் தெரிந்த உடனே அக்கா கேட்பது, "சாப்டாச்சா கண்ணு?" நம் ஊரில் இதைக் கேள்வி என்றா எடுத்துக்கொள்கிறோம்? வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்வதுதானே!

போன வாரம் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, அதையே ஆங்கிலத்தில் கேட்டாள். "ஹேவ் யூ ஈட்டன்?" நிறுத்தி, நிதானமாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்வதுபோல. குழந்தை, "ஐ ஆல்ரெடி ஏட், பாட்டி" என்று சொல்லிவிட்டு, புது ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்துவர ஓடிவிட்டாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, 'ஹேவ்'னு கேட்டா 'ஹேவ்'லதானே பதில் சொல்லணும்? அவ சொன்னது தப்பா, நான் கேட்டது தப்பா? நீதான் பத்திரிகைக்காரனாச்சே, சொல்லு."

இட்லியை வாயில் போட்டுக்கொண்டு தப்பித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடுகிறேன். 'குடும்பப் பத்திரிகையில் கிராமர் கிளாஸா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் வேலை விண்ணப்பம், அம்மாவின் செல்போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்., வெளிநாட்டு டாக்டரிடம் அத்தை சொன்ன ஒரு வாக்கியம் எல்லாம் இந்த ஒரு சின்ன 'ஹேவ்'வில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

'கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். டிரிங்க், டிராங்க், டிரங்க்.' ஞாபகம் இருக்கிறதா? வாய்ப்பாடு மாதிரி வகுப்பே சேர்ந்து கத்துவோம். முதல் இரண்டும் எதற்கு என்று தெரியும். 'கோ' என்றால் போ, 'வென்ட்' என்றால் போனான். அந்த மூன்றாவது? அது எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 'ஹேஸ், ஹேவ் வந்தால் மூன்றாவதைப் போடு' என்றார்கள். போட்டோம், மார்க் வாங்கினோம், மறந்துவிட்டோம். பெயர் வேறு 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்'. சாப்பிட்டுக் கை கழுவியாகிவிட்டது, அப்புறம் என்ன 'பிரசென்ட்'? பன்னிரண்டு வயதில் இந்தச் சந்தேகத்தைக் கேட்டு நான் பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். அட்டை கிழிந்து, மாமாவிடமிருந்து அண்ணனுக்கும் அண்ணனிடமிருந்து அக்காவுக்கும் வந்து, கடைசியில் என்னிடம் வந்தது. அந்த ரென் யார் என்று பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். பி.சி. ரென், பிரிட்டிஷ் இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்று பிரெஞ்சு அந்நியர் படையை வைத்து ஒரு சாகச நாவல் எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். பாலைவனம், துப்பாக்கி, கோட்டை என்று கதை எழுதத் தெரிந்த மனுஷன், நமக்கு மட்டும் ஏன் 'ரூல் 1, ரூல் 2' என்று எழுதிவைத்தார் என்று இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

சரி, ரூலை விடுங்கள். வாசலுக்கு வருவோம்.

காலையில் கதவைத் திறக்கிறீர்கள். வாசல் ஈரமாக இருக்கிறது. செம்பருத்தி இலையில் தண்ணீர் சொட்டுகிறது. மழை பெய்ததை நீங்கள் பார்க்கவில்லை. என்ன சொல்வீர்கள்? "மழை பெஞ்சிருக்கு." யாராவது "மழை பெஞ்சுது" என்று சொல்வோமா? மாட்டோம். பெய்தது நேற்று ராத்திரியாக இருக்கலாம், விடிகாலையாக இருக்கலாம். அது நமக்கு முக்கியம் இல்லை. இப்போது வாசல் நனைந்திருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். அவ்வளவுதான் செய்தி.

அந்த 'பெஞ்சிருக்கு'தான் 'இட் ஹேஸ் ரெயிண்ட்.' 'நேத்து ராத்திரி மழை பெஞ்சுது' என்றால் 'இட் ரெயிண்ட் லாஸ்ட் நைட்.'

'பெய்து' என்பதில் முடிந்துபோன வேலை. 'இருக்கு' என்பதில் இந்த நிமிடம். இரண்டையும் நாம் ஒட்டவைத்துப் பேசுகிறோம். ஆங்கிலக்காரர் 'ஹேஸ்' போட்டு ஒட்டுகிறார். 'பிரசென்ட்' என்று பெயர் வைத்ததற்கு இதுதான் காரணம். பெஞ்சு மேல் நின்றபோது யாராவது இதைச் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன்.

இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். "இந்தப் படம் பார்த்திருக்கியா?" என்று தோழியைக் கேட்கிறீர்கள். "பார்த்திருக்கேனே" என்கிறாள். "எப்போ?" என்றால், "போன தீபாவளிக்குப் பார்த்தேன்" என்பாள். "போன தீபாவளிக்குப் பார்த்திருக்கேன்" என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டாள். நாள் என்று ஒன்று வந்ததும் 'இருக்கு' தானாக உதிர்ந்துவிட்டது! 'ஹேவ் யூ சீன் திஸ் மூவி?' 'எஸ், ஐ ஹேவ்.' 'வென்?' 'ஐ சா இட் லாஸ்ட் தீபாவளி.' ஆங்கிலத்திலும் அப்படியே. எந்த டியூஷனும் இல்லாமல் நாலு வயதிலேயே நாம் கற்றுக்கொண்ட நெளிவு இது.

அப்படியானால் ஏன் தப்பு வருகிறது? நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், தமிழ் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். "2019-ல ஒரு தடவை கொடைக்கானல் போயிருக்கோம்" என்று நாம் சொல்வோம்; காதுக்கு உறுத்தாது. ஆங்கிலம் அங்கே கறார். நாள், வருஷம், 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்'வை உள்ளே விடாது. 'வி வென்ட் டு கொடைக்கானல் இன் 2019', அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களில் பத்தில் ஏழெட்டில் இது இருக்கும். 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம். இன் 2019.' நல்ல பிள்ளைகள், நல்ல மார்க். 'ஹேவ்' போட்டால் மரியாதையாக, கனமாக இருக்கிறது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வருஷத்தைச் சொல்வதானால் 'ஐ கம்ப்ளீட்டட்' போதும். வருஷம் வேண்டாம், பட்டம் கையில் இருக்கிறது என்று காட்டினால் போதும் என்றால் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்.' என்று நிறுத்திக்கொள்ளலாம். இதற்காக நான் யாரையும் நிராகரித்ததில்லை. ஆனால் எல்லா மேஜைக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியுமா?

இனி ஒரு சங்கடமான சொல். 'போயிருக்கார்.'

"சார் இருக்காரா?" என்று போன் வருகிறது. "அவர் மதுரைக்குப் போயிருக்கார்." ஆள் ஊரில் இல்லை. இன்னொரு நாள், "உங்க வீட்டுக்காரர் மதுரை பார்த்திருக்காரா?" என்று யாரோ கேட்க, "ஓ, நாலஞ்சு தடவை போயிருக்காரே" என்கிறீர்கள். ஆள் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம்.

ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு வாக்கியங்கள். ஆள் அங்கே போய் இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹி ஹேஸ் கான் டு மதுரை.' எப்போதோ போய்விட்டுத் திரும்பி வந்தவர் என்றால் 'ஹி ஹேஸ் பீன் டு மதுரை.' அந்த 'பீன்' எங்கிருந்து வந்தது? 'பி', அதாவது 'இரு' என்பதிலிருந்து. மதுரையில் இருந்துவிட்டு வந்தவர்! 'கான்' என்றால் நாற்காலி காலி. 'பீன்' என்றால் ஆள் நாற்காலியில். "மேனேஜர் ஹேஸ் பீன் டு பேங்க்" என்று சொல்லிவிட்டு அவரை வெளியே தேடுகிற அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த ஒன்று. 'சின்ஸ் டென் இயர்ஸ்.'

நம் ஊரில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்கிறோம். 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்.' தமிழில் நினைப்பதால்தான் இந்தத் தப்பு வருகிறது என்று வாத்தியார்கள் திட்டுவார்கள். பாதிதான் உண்மை. 'பத்து வருஷமா வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் ஒர்க்கிங்' வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் அது 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று ஆக வேண்டும். பத்து வருஷம் பின்னால் தொடங்கி இன்று வரை இழுத்துக்கொண்டு வருகிற வேலை ஆயிற்றே.

ஆனால் அந்த 'சின்ஸ்' பழியைத் தமிழ் மேல் போடாதீர்கள். தமிழில் யாராவது "பத்து வருஷத்திலேர்ந்து வேலை பார்க்கிறேன்" என்கிறோமா? "பத்து வருஷமா" என்கிறோம். "2015-லேர்ந்து" என்கிறோம். "ரெண்டு நாளா" காய்ச்சல், "திங்கட்கிழமைலேர்ந்து" காய்ச்சல். 'ஆ' வந்தால் 'ஃபார்', 'லேர்ந்து' வந்தால் 'சின்ஸ்'. இவ்வளவு துல்லியமாக நம் வாயிலேயே இருக்கிறது. இந்தியில் இரண்டு இடத்திலும் 'ஸே' என்று ஒரே சொல்தான் வரும். அவர்களுக்கு 'சின்ஸ் டென் இயர்ஸ்' வருவது இயல்பு. நாம் ஏன் அதைக் கடன் வாங்கினோம்? அடுத்த தடவை 'சின்ஸா, ஃபாரா' என்று திகைத்தால் மனசுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'ஆ'வா, 'லேர்ந்து'வா என்று காதே சொல்லிவிடும். என் அனுபவத்தில் இந்தக் குறுக்குவழி இதுவரை காலை வாரியதில்லை.

இது வெறும் மார்க் விஷயமா? என் அத்தையைக் கேளுங்கள்.

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தார். அங்கே ஒரு நாள் நெஞ்சில் வலி. மருமகன் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வண்டியை நிறுத்த அவர் போன நேரத்தில் அத்தையை உள்ளே அழைத்துவிட்டார்கள். அத்தை அந்தக் கால பி.ஏ.; பயப்படுகிற ஆள் இல்லை. 'ஐ ஹாட் பெயின் ஃபார் டூ டேஸ்' என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த டாக்டரம்மா எழுதிக்கொண்டே, எப்போது நின்றது என்று கேட்டிருக்கிறார். அத்தைக்குக் குழப்பம். நிற்கவில்லையே! இப்போதும் வலிக்கிறதே!

'ஹாட்' என்றால் இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. 'ஹேவ் ஹாட்' என்றால் இரண்டு நாளாக இருக்கிறது, இன்னும் இருக்கிறது. நடுவில் ஒரு சின்ன 'ஹேவ்'. அதுவும் வேகமாகப் பேசும்போது 'ஐவ்' என்று ஒரு மூச்சாகத்தான் காதில் விழும். பாதி நேரம் விழவே விழாது. நல்லவேளை, மருமகன் வந்துவிட்டார். பரிசோதனையில் தசைப்பிடிப்பு என்று தெரிந்தது. அத்தை இன்றைக்கு அதைச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு மட்டும் கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிற பெற்றோர் யாராக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: டாக்டரிடம் இலக்கணம் எல்லாம் யோசிக்க வேண்டாம். 'பெயின் நவ்' என்று கை வைத்துக் காட்டிவிட்டு அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் செல்போனை எடுங்கள். இன்று வந்த எஸ்.எம்.எஸ்.களைப் பாருங்கள். 'யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் கிரெடிட்டட்.' 'யுவர் ஆர்டர் ஹேஸ் பீன் டெலிவர்ட்.' 'பேமென்ட் ஹேஸ் ஃபெயில்ட்.' தவறான நம்பரை அழுத்தினால் ஒரு பெண் குரல், 'தி நம்பர் யூ ஹேவ் டயல்ட்' என்று ஆரம்பிக்கும். ரென் அண்ட் மார்ட்டினைப் பரணில் போட்டுவிட்டோம் என்று நினைத்தோம். அது சட்டைப் பையில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஏன் எல்லாச் செய்தியும் 'ஹேஸ் பீன்' என்றே வருகிறது? யார் செய்தார்கள், எத்தனை மணிக்குச் செய்தார்கள் என்பது உங்களுக்கு வேண்டாம். பணம் இப்போது கணக்கில் இருக்கிறது. பார்சல் இப்போது வாசலில் இருக்கிறது. 'பணம் ஏறியாச்சு', 'பார்சல் வந்தாச்சு' என்று நாம் சொல்கிறோமே, அதே 'ஆச்சு'.

இதே வாக்கிய அமைப்பை மோசடிக்காரர்களும் நன்றாகக் கற்றுவைத்திருக்கிறார்கள். 'யுவர் கே.ஒய்.சி. ஹேஸ் எக்ஸ்பயர்ட்.' 'யுவர் அக்கவுண்ட் ஹேஸ் பீன் பிளாக்ட்.' கீழே ஒரு லிங்க். இதைப் படித்ததும் ஏன் நெஞ்சு படபடக்கிறது? 'நேற்று பிளாக் செய்தோம்' என்றால் 'ஏன், எந்தக் கிளை?' என்று கேட்கத் தோன்றும். 'பிளாக் ஆகியிருக்கு' என்றால் இப்போது, இந்த நிமிடம் பூட்டிக் கிடக்கிறது, உடனே எதையாவது செய் என்று கை பரபரக்கிறது. யார், எப்போது என்று சொல்லாமலேயே பயத்தை மட்டும் நம் கையில் கொடுக்க இதைவிட வசதியான வாக்கியம் கிடையாது.

ஆகவே அப்படி ஒரு செய்தி வந்தால் அந்த இரண்டு கேள்வியையும் நீங்களே கேளுங்கள். யார்? எப்போது? பதில் அந்தச் செய்தியில் இருக்காது. லிங்க்கைத் தொடாமல், பாஸ்புக்கில் உள்ள நம்பருக்குப் போன் செய்தோ நேரில் கிளைக்குப் போயோ கேளுங்கள். பணம் போயேவிட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் அது. இந்த நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறீர்களா? கிராமர் மறந்தாலும் பரவாயில்லை, அதை எழுதிவையுங்கள்.

பயத்தை விட்டுச் சந்தோஷத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. எந்த வீட்டில் டி.வி. ஓடவில்லை? சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்குக் கூடுதலாக ஒரு சட்டைக் காலர் தூக்கல். அப்போது இஸ்ரோ தலைவர் சோம்நாத் சொன்னது நினைவிருக்கிறதா? நிலவில் மெதுவாகத் தரை இறங்குவதை 'வி ஹேவ் அச்சீவ்ட்' என்றார். அடுத்த மூச்சில், இந்தியா 'இஸ் ஆன் தி மூன்' என்றார். அந்த 'இஸ்' வருவதற்கு முந்திய 'ஹேவ்' வழி விட்டது. சாதித்தாச்சு, அங்கே இருக்கிறோம். வாசல் நனைந்திருக்கிறது என்று பார்த்தோமே, அதே கணக்குத்தான். நனைந்த வாசல் இங்கே நிலவு. 1969-ல் அமெரிக்கர்கள் இறங்கியபோதும் ஆம்ஸ்ட்ராங், 'தி ஈகிள் ஹேஸ் லேண்டட்' என்றுதான் பூமிக்குச் சொன்னார். அன்றைய செய்தி அது. இன்று நம் பிள்ளை பரீட்சையில் எழுதினால் 'லேண்டட் இன் 1969' என்று எழுத வேண்டும்.

செய்தி பழையதானால் 'ஹேஸ்' கழன்றுவிடுகிறது. ஆளுக்கும் இது பொருந்தும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

மொழியியல் வகுப்புகளில் ஐன்ஸ்டீனை வைத்து ஓர் உதாரணம் சொல்வார்கள், சாம்ஸ்கி சொன்னது. 'ஐன்ஸ்டீன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்' என்று இன்று சொன்னால் ஆங்கிலக்காரர் காதுக்கு உறுத்தும். அவர் 1955-ல் காலமாகிவிட்டார். 'ஹேஸ்' போட வேண்டுமென்றால் அந்த வாக்கியத்தின் நாயகர் இருக்க வேண்டும். இன்னொரு தடவை வரக்கூடியவராக இருக்க வேண்டும். 'விசிட்டட்' என்பதுதான் சரி. நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். "கலாம் சார் எங்க ஸ்கூலுக்கு வந்திருக்கார்" என்று எத்தனையோ பள்ளிகளில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். தமிழில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில், 2015 ஜூலை 27 வரை 'ஹேஸ் விசிட்டட்'. மறுநாளிலிருந்து 'விசிட்டட்'.

எங்கள் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவர் காலமான மாதம், அவருடைய பழைய மேலதிகாரி ஒருவருக்கு வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதினேன். அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி பேசுவார் என்று சொல்ல வந்து, 'மை ஃபாதர் ஹேஸ் ஆஃப்டன் ஸ்போக்கன் ஆஃப் யூ' என்று எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் எங்கள் உதவி ஆசிரியரிடம் ஒரு தடவை பார்க்கக் கொடுத்தேன். அவர் எதுவும் பேசவில்லை. பென்சிலால் 'ஹேஸ்'ஸை மட்டும் மெல்லிய கோடாக அடித்து, 'ஸ்போக்கன்' மேல் 'ஸ்போக்' என்று எழுதிக் கொடுத்தார்.

காரியம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. மரணச் சான்றிதழ் வாங்கியிருந்தேன், பென்ஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்தபோதுதான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

தமிழில் எழுதியிருந்தால் 'அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்' என்று எழுதியிருப்பேன். யாரும் அடித்திருக்க மாட்டார்கள். நம் 'இருக்கிறார்' போனவரையும் கொஞ்ச நாள் வீட்டில் உட்காரவைக்கிறது. இது இலக்கணப்படி ஒரு சின்ன வேறுபாடு என்று தெரியும். இருந்தாலும் அன்றைக்குத் தமிழ் மேல் எனக்குக் கூடுதலாக ஒரு பாசம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா?

அக்கா, நீ கேட்டதும் சரி, உன் பேத்தி சொன்னதும் சரி. நீ படித்தது பிரிட்டிஷ் வழி. 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்', 'யெட்' எல்லாம் வந்தால் அவர்கள் 'ஹேவ்'வைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அமெரிக்கர்களுக்கு அவ்வளவு பிடிவாதம் இல்லை. 'டிட் யூ ஈட் யெட்?' என்பார்கள். 'ஐ ஆல்ரெடி ஏட்' என்பார்கள். அதற்காக 'ஹேவ்'வை அவர்கள் விட்டுவிட்டார்கள் என்றும் இல்லை, இரண்டும் ஓடும். நீ திருத்தினால் அவள் பேசுவதைக் குறைத்துவிடுவாள். ஏற்கெனவே வாரத்துக்கு ஒரு தடவைதான் பேசுகிறாள். எனக்குத் தோன்றுவது, நீ மறுபடி "சாப்டாச்சா கண்ணு?" என்றே கேள். 'ஆச்சு' என்று அவள் தமிழில் பதில் சொல்லிப் பழகட்டும். அந்தச் சொல்லுக்குள் 'ஹேவ்' முழுசாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி 'தப்பா, சரியா' என்று மாட்டிக்கொண்ட வாக்கியங்கள் இருக்குமே? எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் பெரியவர்களைத் திருத்தியதும் வரட்டும், பெரியவர்கள் பிள்ளைகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதும் வரட்டும். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அச்சகத்திலிருந்து போன். "சார், எல்லாப் பக்கமும் வந்தாச்சு. உங்க பக்கம் மட்டும் இன்னும் வரலை." ஆங்கிலத்தில் இந்த 'வரலை'யை 'டிட் நாட் கம்' என்று சொன்னால் கதை முடிந்தது, என் பக்கம் இல்லாமலேயே இதழ் போய்விடும். அவர் 'இன்னும்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார். ஆகவே 'ஹேஸ் நாட் கம் யெட்.' எனக்கு வாய்ப்பு இருக்கிறது.

பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்